பின்வாங்கச் சொன்ன கால்

குணநாயகத்தின் வலது கால் அவரைவிட நல்ல தமிழ் பேசும்.

அவர் "உதுக்குள்ள என்ன கிடக்கு?" என்று கேட்கிற இடத்தில் அது, "அன்பான பயனரே, உங்கள் பாதத்தின் முன்னால் ஆபத்தான உலோகம் உள்ளது. தயவுசெய்து பின்வாங்குங்கள்" என்று சொல்லும். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். ஓர் எழுத்துக்கூடப் பிசகாது. ஐம்பது வயது தாண்டிய மனிதர் இடுப்பில் கட்டிய சாரத்துக்குள்ளிருந்து ஒரு பெண் செந்தமிழ் பேசினால் ஊர் என்ன செய்யும்? புளியங்கண்டல் விழுந்து விழுந்து சிரித்தது.

காலைக் கொடுத்தது 'முதலடி' என்ற தொண்டு நிறுவனம். அதன் தலைமையகம் வருடத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஒரு நாட்டில் இருந்தது. அங்கே யாரும் மிதிவெடி மிதித்ததில்லை. ஆகவே மிதிவெடியைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நிறைய நேரம் கிடைத்திருந்தது. யோசித்து யோசித்து, பூமிக்குள் இருக்கிற இரும்பைத் தானே கண்டுபிடித்து, அதன்மேல் அடிவைக்க மறுக்கிற ஒரு செயற்கைக் காலைச் செய்துவிட்டார்கள். அந்தக் காலுக்குள்ளேயும் கொஞ்சம் இரும்பு உண்டு. ஆனால் தன்னிடம் உள்ள இரும்பை அது கணக்கில் எடுப்பதில்லை. இந்தப் பழக்கம் அதைச் செய்தவர்களிடமிருந்து வந்திருக்கலாம்.

பள்ளிக்கூட மண்டபத்தில் விழா நடந்தது. பற்றிஸ், றோல்ஸ், பால் விடாத பிளேன்ரீ எல்லாம் இருந்தன. நிறுவனத்தின் சார்பில் பிரணவன் வந்திருந்தான். கொழும்பில் வளர்ந்த பிள்ளை, தங்கமான குணம், 'பயனாளி' என்ற சொல்லைச் சொல்லாமல் அவனால் ஒரு வசனத்தை முடிக்க முடியாது.

"அண்ணை, நீங்கள் அடி வைக்க முதல் கால் பார்க்கும். கீழ இரும்பு கிடந்தால் வைக்காது. நீங்கள் நினைச்சாலும் வைக்காது. முழங்கால் அப்பிடியே இறுகிப்போடும்."

"அப்ப இதைப் போட்டிருந்தால் நான் மிதிவெடி மிதிக்க மாட்டன்."

"சத்தியமா மாட்டியள்."

"தம்பி, இதை நான் மிதிக்க முதல் தந்திருக்கலாமே."

பிரணவன் கொஞ்சம் யோசித்தான். கேலி செய்கிறார் என்பது அவனுக்கு விளங்கவில்லை. "அப்ப நீங்கள் பயனாளி இல்லையே அண்ணை" என்றான்.

குணநாயகம் சிரித்தார். வேறு என்ன செய்வது? போர் முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய வருடம், ஊர் எல்லைக்கு அப்பால் காட்டில் விறகு வெட்டப் போன இடத்தில் தொடையோடு போன கால் அது. அதற்குப் பிறகு அவர் சந்தி பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர். பஸ் வருகிற நேரத்தைக் குறிப்பது வேலை என்று சொல்வார்கள். உண்மையில் வராத நேரத்தைத்தான் அவர் கூடுதலாகக் குறித்தார். இத்தனை வருடமும் இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோலோடு.

ஊன்றுகோலோடு நடக்கிறவனால் செய்ய முடியாத ஒரு காரியம் உண்டு. மற்றவர்களுக்கு அது தோன்றாது. கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக முடியாது. யாராவது கொண்டுவந்து தர வேண்டும். அவருக்குக் கொண்டுவந்து தந்தது தவமலர்.

சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவள் தவமலர். கடைசிச் சண்டையில் புருஷனை இழந்தவள். பிள்ளை இல்லை. வாய் மட்டும் உண்டு, அது ஊருக்கே போதும். புளியங்கண்டலில் அவரைவிட இளையவர்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். தவமலர் கூப்பிடுவதில்லை. "இந்தாங்கோ" என்பாள், "கேட்டியளே" என்பாள், ஒருநாள்கூட அண்ணை என்றதில்லை. குணநாயகத்தின் வாழ்க்கையில் அந்தக் காலத்தில் இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். இரண்டு கையிலும் இரண்டு கோப்பையை எடுத்துக்கொண்டு போய், ஒன்றை அவளிடம் நீட்டி, கேட்க வேண்டியதைக் கேட்பது என்று அவர் மனதுக்குள் எப்போதோ தீர்மானித்திருந்தார். காலுக்காகத்தான் காத்திருந்தார்.

கால் பழகியதும் ஒரு காலைநேரம் புதுச் சாரம் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். "இண்டைக்கு நான் ஊத்துறன், நீர் இரும்" என்று சொல்லித் தானே இரண்டு பிளேன்ரீ ஊற்றினார். பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கடை முன்னால் கிடந்த மர வாங்கில் இருந்தாள். அவர் கோப்பைகளோடு நடந்தார். ஒரு துளி சிந்தவில்லை. அவளுக்கு இரண்டடி தூரத்தில் வலது கால் அந்தரத்தில் நின்றது.

"அன்பான பயனரே, உங்கள் முன்னால் ஆபத்தான உலோகம் உள்ளது. தயவுசெய்து பின்வாங்குங்கள்."

ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றார். தேத்தண்ணி சாரத்தில் கொட்டியது. சனம் சிரித்த சிரிப்பில், வந்த பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

தவமலர் மட்டும் சிரிக்கவில்லை. தன் இடது கணுக்காலைக் காட்டினாள். அங்கே தோல் சுருங்கி ஒரு தழும்பு இருந்தது.

"கால் சரியாத்தான் சொல்லுது. உள்ளுக்க செல் வெடிச்சுச் சிதறின துண்டு கிடக்கு. எடுத்தால் நடக்கேலாது, விட்டால் நடக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். விட்டிட்டன்." பிறகு கொட்டிய கோப்பையை எழுந்து வாங்கினாள். "நான் ஆபத்தான ஆள்தான். உங்கட காலுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியேல்ல."

அன்று அவர் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. இரண்டடி தூரத்தில் நின்று, சாரம் நனைந்து, இன்னொரு பெண் இடையில் பேசிக்கொண்டிருக்கும்போது எவன்தான் கேட்பான்?

பிரணவனுக்குத் தொலைபேசி எடுத்தார். அவன் பொறுமையாக விளக்கினான். காலுக்குச் சாமான்களின் வடிவம் தெரியும், சைக்கிள், பூட்டுத் திறப்பு, கொலுசு, பானை எல்லாம் அதன் மூளையில் இருக்கிறது, அவற்றைக் கண்டால் பயப்படாது. மண்ணுக்குள் புதைந்ததும் வடிவம் தெரியாததும்தான் அதற்கு ஆபத்து.

"செல் துண்டுக்கு வடிவம் இல்லை அண்ணை. ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி."

"சரி, சத்தத்தையாவது குறைச்சு விடு."

"ஏலாது அண்ணை. பயனாளியின்ர பாதுகாப்பு."

"அப்ப பார்க்கிறதை நிப்பாட்டி, நடக்கிறதை மட்டும் விடு."

"ரெண்டுக்கும் ஒரே மூளைதான். நிப்பாட்டினால் வெறும் தடி."

காதல் காரியம் இப்படி இரண்டடியில் நின்றுபோனதால் குணநாயகம் வேறு பொழுதுபோக்குத் தேடினார். அல்லது பொழுதுபோக்கு அவரைத் தேடி வந்தது.

ஊரைவிட்டு ஓடின நாட்களில் சனம் கொண்டுபோக முடியாததையெல்லாம் வீட்டு வளவுக்குள் தாட்டுவிட்டுப் போயிருந்தது. நகையைப் பால்மாத் தகரப் பேணியில் போட்டு, பேணியைப் பொலித்தீனில் சுற்றி, முருங்கைக்கு நேரே, கிணற்றுக்கு இந்தப் பக்கம், மாட்டுக்கொட்டில் மூலை என்று அடையாளம் வைத்துப் புதைத்தார்கள். அடையாளம் வைப்பதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். திரும்பி வந்தபோது முருங்கை இல்லை, கொட்டில் இல்லை, கிணறு இருந்த இடமும் தெரியவில்லை. புல்டோசர் எல்லாவற்றையும் சமமாக்கி வைத்திருந்தது. ஏற்றத்தாழ்வு இல்லாத சமுதாயம் என்று மேடையில் பேசுவார்களே, அதைப் புளியங்கண்டல் அன்றுதான் கண்ணால் கண்டது.

முதலில் வந்தது சின்னமணி அக்கா. "தம்பி குணம், எங்கட வளவுக்க ஒருக்கா உலாத்திவிட்டுப் போவன். உன்ர அந்தப் பெட்டை என்ன சொல்லுறாள் எண்டு பார்ப்பம்."

ஞாயிற்றுக்கிழமை போனார். மேலும் கீழுமாக உலாத்தினார். கால் நின்றது. "அன்பான பயனரே" என்று தொடங்கியதும் மண்வெட்டி இறங்கியது. முதலில் சைக்கிள் மணி வந்தது. பிறகு தையல் மெசினின் பாதம். மூன்றாவது தடவை, கறள் பிடித்த பேணி. சின்னமணி அக்கா அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, யாரையோ திட்டுகிற மாதிரி அழுதார்.

அதன் பிறகு குணநாயகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது. வளவு வளவாக நடந்தார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அது நன்றாகவே பிடித்திருந்தது. இத்தனை வருடம் சனம் அவரைப் பார்த்துப் பாவம் என்றது. இப்போது வாசல் படலையில் காத்து நின்று கூட்டிப்போனது. வெளிநாட்டில் கிழவர்கள் டிடெக்டர் கருவியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாகத் திரிகிற வீடியோ ஒன்றைப் பிரணவன் அனுப்பியிருந்தான். அவர்கள் ஆயிரம் வருடத்துப் பழைய காசைத் தேடினார்கள். கிடைத்ததும் தொப்பியைக் கழற்றி ஆடினார்கள். நாங்கள் தேடுவதற்கு வரலாறு அவ்வளவு ஆழத்தில் இல்லை என்று குணநாயகம் நினைத்துக்கொண்டார்.

தோண்டுவதற்குப் பயமில்லையா என்று பிரணவன் ஒருமுறை கேட்டான். குணநாயகம் ஊர் வாசலில் நின்ற பலகையைக் காட்டினார். 'இப்பிரதேசம் மிதிவெடிகள் அகற்றப்பட்டு, மக்கள் வாழ்வதற்கு உகந்தது.' அந்தப் பலகைக்காகத்தான் தகரக் கொட்டிலில் வருடக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். அது நட்ட பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள். அது நிற்கிறவரைக்கும்தான் ஊர். "வெடிச்சாலும் எனக்கு என்ன, நிறுவனத்தின்ர கால்தானே" என்றார்.

எல்லா வளவும் சின்னமணி அக்காவின் வளவு மாதிரி இருக்கவில்லை. சிவஞானம் மாஸ்டர் தன்னுடைய தட்டச்சு இயந்திரத்தைத் தேடச் சொன்னார். கால் நின்ற இடத்தில் கிண்டினால் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வந்தது. மூடியில் ஆணியால் கீறி எழுதிய பெயர், மாஸ்டரின் மகனுடையது. காணாமல் போன பிள்ளை. மாஸ்டர் அதைக் கையில் எடுக்கவில்லை. "போதும் குணம், மூடு" என்றார். குணநாயகம் மண்ணைத் திருப்பித் தள்ளி மூடினார். கண்டுபிடிக்கிற கால் எதைக் கண்டுபிடிக்கும் என்று யார் சொல்ல முடியும்?

தவமலர் மட்டும் தன் வளவுக்கு அவரைக் கூப்பிடவேயில்லை. தாட்டு வைத்தது ஒன்றும் இல்லையாக்கும் என்று நினைத்தார். கேட்பதற்கும் இரண்டடி தூரத்திலிருந்து சத்தமாகத்தான் கேட்க வேண்டும்.

அம்மன் கோயில் பொங்கலன்று விஷயம் முற்றியது. சனத்துக்குள் அவர் நடந்த இடமெல்லாம் கால் நின்றது. தபால்காரரின் தொடையில், பூசாரியின் முழங்காலில், அடுத்த மாதம் கலியாணம் பேசியிருந்த ஒரு பெட்டையின் இடுப்பில். அந்தப் பெட்டையின் தாய் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பினார். அங்கேயும் கால் நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். நல்லவேளை, மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னாலும் கால், "தயவுசெய்து பின்வாங்குங்கள்" என்று சொன்னது. அந்தக் கலியாணம் அப்படித்தான் தப்பியது. ஊரில் பாதிச் சனம் உடம்புக்குள் போரைக் கொண்டு திரிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். யாரும் அதைச் செந்தமிழில் சொல்லிக் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்து சில நாளில், ஒரு ஜீப் வந்து பலகையடியில் நின்றது. பிரணவனும், நிலத்துக்கு அனுமதி கொடுக்கிற கந்தோரிலிருந்து ஒரு அதிகாரியும் இறங்கினார்கள். அதிகாரி யாரோடும் கதைக்காமல் பலகையைக் கழற்றி ஜீப்பில் போட்டார். அந்த இடத்தில் சிவப்புத் துணியும் மண்டையோட்டுப் படமும் தொங்கின.

சந்தியில் இருந்த குணநாயகம் பதறிப்போய் வந்தார். பிரணவன் முகத்தைத் தூக்கவில்லை. கையிலிருந்த திரையைக் காட்டினான்.

"இது உங்கட ஊர் அண்ணை. கால் இரும்பைக் கண்ட இடமெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி."

"கால் உங்களுக்குச் சொல்லுதோ?"

"எல்லாத்தையும் சொல்லும். பயனாளியின்ர பாதுகாப்பு." அவன் தொண்டையைச் செருமினான். "போன மாசம் கூட்டுறவுக் கடையடியில நிறையப் புள்ளி. பிறகு அங்க இல்லை, பஸ் ஸ்டாண்டில வந்துட்டுது. பொங்கலண்டைக்குப் பாருங்கோ, கோயிலைச் சுத்தி ஒரே சிவப்பு. அடுத்த நாள் ஒண்டும் இல்லை. ஆரோ மிதிவெடியைக் கிளப்பிக் கிளப்பி இடம் மாத்தி வைக்கினம் எண்டு தலைமையகம் நினைக்குது."

"மிதிவெடி கூட்டுறவுக் கடைக்கு என்னத்துக்குத் தம்பி போகும்? சீனி வாங்கவோ? அது சனமடா!"

"எனக்கு விளங்குது அண்ணை. ஆனால் நான் விளங்கினதை அனுப்ப அங்க இடமில்லை. கால் சொல்லுறது ஆதாரம். பயனாளி சொல்லுறது அபிப்பிராயம்."

அதிகாரி அப்போதுதான் வாயைத் திறந்தார். எல்லோரும் பக்கத்து நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், நிலத்தைத் திரும்பச் சோதித்த பிறகு வரலாம், தற்காலிகம்தான் என்றார்.

தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டதும் கூடி நின்ற சனம் அசையாமல் நின்றது. சின்னமணி அக்காதான் முன்னுக்கு வந்தார். "போன முறையும் ரெண்டு நாளில வரலாம் எண்டுதான் சொன்னவை ஐயா. நான் அடுப்பில சோத்தை வைச்சிட்டு வெளிக்கிட்டனான். இந்த முறை வடிச்சுச் சாப்பிட்டிட்டுத்தான் எழும்புவன். எப்ப வடியும் எண்டு சொல்லேலாது."

ஏழு நாள் தவணை கொடுத்துவிட்டு அதிகாரி போனார். யாரும் குணநாயகத்தைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரைக் கூடுதலாகச் சுட்டது. ஊரை முதல் தடவை குண்டு போட்டு எழுப்பினார்கள். இரண்டாம் தடவை அவர் நடந்து எழுப்பியிருக்கிறார்.

அவர்தான் பிரணவனை விடாமல் பிடித்து அந்த ஏற்பாட்டைச் செய்வித்தார். தலைமையகத்து அனெலீஸ் அம்மையார் திரையில் வருவார். ஊர் சந்தியில் வரிசையாக நிற்கும். குணநாயகம் ஒவ்வொருவருக்கும் முன்னால் நடப்பார். புள்ளிகள் சனத்தின்மேல் விழுவதை அம்மையார் தன் கண்ணால் பார்க்கட்டும்.

அப்படியே நடந்தது. பஸ் நிலையத்துச் சுவரில் அம்மையாரின் முகம் பெரிதாக விழுந்தது. நரைத்த தலை, கனிவான கண். வாயைத் திறந்ததும் தமிழில் மொழிபெயர்ந்து வந்தது.

"அன்பான பயனாளிகளே, வணக்கம்."

சனம் ஒரு கணம் திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. அதே குரல். அதே பெண். "குணம், உன்ர காலெல்லே சுவரில நிண்டு கதைக்குது!" என்று சின்னமணி அக்கா கத்தினார்.

குணநாயகம் நடந்தார். தபால்காரர் முன்னால் கால் நின்றது, பேசியது. பூசாரி முன்னால் நின்றது, பேசியது. சாரத்தை உயர்த்தியும் சட்டையைத் தூக்கியும் சனம் தழும்பைக் காட்டியது. கலியாணப் பெட்டையும் வந்து நின்றாள், நிமிர்ந்து நின்றாள். கடைசியில் தவமலர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலை நீட்டினாள். இரண்டடியில் கால் நின்றது. ஒரு கணம் அவளும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இடையில் அந்தக் குரல் பின்வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

அம்மையார் கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே துடைத்தார், அதில் பொய் இல்லை.

"நாங்கள் ஆழமாக நெகிழ்ந்துள்ளோம். எங்கள் கால் ஒருமுறைகூடத் தவறவில்லை என்பது இன்று நிரூபிக்கப்பட்டுள்ளது."

"அப்ப நிலம் சுத்தம்தானே?" என்று குணநாயகம் கேட்டார்.

"ஆம். ஆபத்து நிலத்தில் இல்லை. ஆபத்து மக்களிடம் உள்ளது. எங்கள் பயனாளி ஒவ்வொரு நாளும் இவ்வளவு ஆபத்துகளுக்கு நடுவே நடப்பதை எங்களால் அனுமதிக்க முடியாது. ஆகவே மக்களை அகற்றும் பரிந்துரை தொடர்கிறது."

அதிகாரி தலையை ஆட்டினார். அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. சனம் இல்லாத நிலத்தில் சனத்துக்கு ஒரு ஆபத்தும் வராது. இதைவிடத் திருத்தமாக யார் சொல்ல முடியும்?

எல்லோரும் கலைந்த பிறகு குணநாயகம் பிரணவனை பஸ் நிலையத்து வாங்குக்குக் கூட்டிப்போனார். தவமலர் கடையிலிருந்து வாய்ப்பன் பலகாரம் வாங்கி அவனுக்குக் கொடுத்தார். பிள்ளை அழுதுவிடுவான் போலிருந்தான்.

"தம்பி, கால் இல்லாட்டி புள்ளி வருமோ?"

"வராது."

"புள்ளி வராட்டி?"

"ஒரு மாசம் புள்ளி இல்லாட்டி படம் தானா வெள்ளையாகும். வெள்ளையெண்டால் பலகையைத் திருப்பி நடத்தான் வேணும். பயனாளி இல்லாத இடத்தில ஆபத்தும் இல்லை, அப்பிடித்தான் அவையின்ர கணக்கு." பிரணவனுக்கு அப்போதுதான் விளங்கியது. வாயில் வைத்த வாய்ப்பனை இறக்கினான். "அண்ணை, வேண்டாம். இதைத் திருப்பித் தந்தால் இன்னொண்டு தர மாட்டினம்."

குணநாயகம் உடனே கழற்றவில்லை. அவர் தியாகி இல்லை. எழுந்து சந்தியை ஒருமுறை சுற்றி நடந்தார். இரண்டு கையையும் வீசி வீசி நடந்தார். மழை இல்லாதபோதும் கடையில் தொங்கிய குடையை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போனார். பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து வாங்கில் இருந்து, பட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"அன்பான பயனரே, நீங்கள் என்னை அகற்றுகிறீர்கள். இது பாதுகாப்பானது அல்ல" என்றது கால்.

"தெரியும் பிள்ளை" என்றார் குணநாயகம். அது அவளோடு அவர் பேசிய முதல் பேச்சு, கடைசிப் பேச்சும்.

காலைப் பெட்டியில் வைத்துப் பிரணவன் கொண்டுபோனான். தவணை முடிந்த அன்று ஜீப் வந்தது. சின்னமணி அக்காவின் சோறு இன்னும் வடியவில்லை, ஜீப் திரும்பிப் போனது. படம் மெல்ல மெல்ல வெளுத்தது. ஒரு நாள் அதே அதிகாரி வந்து, அதே பலகையை, அதே குழியில் நட்டுவிட்டு, சனத்துக்கு நல்வாழ்த்துச் சொல்லிப் போனார்.

பிறகு வந்ததுதான் பெரிய வேடிக்கை. 'முதலடி' நிறுவனத்தின் வருட மலர் வெளிவந்தது. முன்னட்டையில் குணநாயகத்தின் படம், காலோடு. நூற்றுக்கணக்கான ஆபத்துகள் இருந்த ஒரு கிராமம் நிறுவனத்தின் ஒரே ஒரு காலால் முற்றாகச் சுத்தமாக்கப்பட்டது என்று உள்ளே எழுதியிருந்தது. சிவப்பு நிறைந்த படத்தையும் வெள்ளைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அம்மையாருக்கு ஏதோ விருதும் கிடைத்ததாம். ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு குணநாயகம் அதைப் பார்த்தார். "படத்தில வடிவாத்தான் விழுந்திருக்கிறன்" என்றார்.

தவமலர் அந்த மலரை வாங்கி வாய்ப்பன் சுற்ற வைத்துக்கொண்டாள். அவருடைய பிளேன்ரீயை வழக்கம்போல அவளே கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு வழக்கம்போல உள்ளே போகவில்லை.

"பின்னேரம் பஸ் போனாப்பிறகு என்ர வளவுக்கு வாங்கோ. மண்வெட்டி இருக்கு. நான் ஒண்டு தாட்டு வைச்சனான்."

"கால் கிடக்கேக்குள்ள கேட்காமல் இப்பவோ கேட்கிறது? இனி எப்பிடி இடம் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க என்ன கிடக்கு? கிணத்துக்கட்டு எனக்கு மட்டும்தான் மிஞ்சினது. அதுக்குக் கீழதான். திரும்பி வந்த நாளிலயிருந்து எனக்கு இடம் தெரியும்."

"தெரிஞ்சுமோ கிண்டேல்ல?"

அவள் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைத் தானே குடித்தாள்.

"தனியக் கிண்ட மனம் வரேல்ல."

பின்னேரப் பஸ் அன்று அதிசயமாக நேரத்துக்கு வந்தது. குணநாயகம் நேரம் குறிக்க மறந்துபோனார். ஊன்றுகோலோடு அவள் வளவுக்குப் போய், கிணற்றுக்கட்டில் இருந்தார். தவமலர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில், சாரத்தில் கணுக்கால் படுகிற அளவு கிட்ட இருந்தாள். யாரும் அவரைப் பின்வாங்கச் சொல்லவில்லை.